கிழங்குக்கு முகம் முளைத்தது!

"ஆஆஆஆ…!"

சோளக்காடு சந்தையின் காலை மூடுபனியை அந்த அலறல் இரண்டாகக் கிழித்தது.

பலாப்பழம் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தனர். மிளகு அளந்த படி அந்தரத்தில் நின்றது. சேந்தமங்கலம் செல்லும் முதல் பேருந்தின் ஓட்டுநர், வாய்க்குக் கொண்டுசென்ற தேநீரைச் சட்டைக்குக் கொடுத்தார்.

அலறியவள் சுகுணா. ஆட்டுக்கால் கிழங்கு சூப்புக் கடைக்காரி.

கையிலிருந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு வீசி எறிந்தாள். சுரண்டுகத்தி ஒரு பக்கம் விழுந்தது. கிழங்கு எந்தப் பக்கம் விழுந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்!

"மூஞ்சி…! கெழங்குக்கு மூஞ்சி இருக்குதுங்க…!"

ஆட்டுக்கால் கிழங்கைக் கண்டறியாதோர் பொருட்டு ஒரு சொல். கொல்லிமலையின் பாறை இடுக்குகளில் படர்வது அது. உடல் முழுவதும் பழுப்பு மயிர். தொலைவிலிருந்து நோக்கினால் ஆட்டின் கால். மயிரைச் சுரண்டி, தோலைச் சீவி, மிளகுடன் கொதிக்க வைத்தால் மூட்டுவலி ஓடும் என்பது நம்பிக்கை.

அதற்குக் காலின் தோற்றம் உண்டு. முகம் கிடையாது. கிடையவே கிடையாது!

அலறல் எழுந்த இடத்திலிருந்து நான்கடி தொலைவில் ஒருவர் வீற்றிருந்தார்.

ராசப்பன். வேட்டைத் தடுப்புக் காவலர். சுகுணாவின் கணவர்.

பதினோரு ஆண்டுகளாக வனத்துறையில் தற்காலிகப் பணி. முப்பத்தெட்டாவது வயதில் தனித்தேர்வராய்ப் பத்தாம் வகுப்புத் தேறிய பெருமைக்குரியவர். அன்று தொடங்கி அவர் எழுதும் அறிக்கைகளைப் படிக்க வனச்சரகர் அகராதி தேடினார். இப்பதினோரு ஆண்டுகளில் ராசப்பன் பிடித்த குற்றவாளிகள்… ஒருவர். விறகு வெட்டியவர். அவருடைய சொந்த மச்சான். அவனும் தானே வந்து ஒப்புக்கொண்டவன்.

சென்ற மாதம் புதரில் சிறுத்தையின் இரு கண்களைக் கண்டதாக ராசப்பன் தகவல் கொடுத்தார். கூண்டுடன் இருபது பேர் மலையேறினர். கண்கள், யாரோ நிறுத்திவிட்டுப் போன மொபெட்டின் சிவப்பு வில்லைகள்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா தொப்பியக் குடுத்துட்டுப் போயிருங்க, ராசப்பன்!" என்று வனச்சரகர் பிரேம் எச்சரித்திருந்தார்.

அந்தத் தொப்பி இப்போது அடுப்பின் செங்கல் திண்டில், தூறலில் நனையாதபடி, மல்லாக்க வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு மலை வாழைப்பழம். மூன்றாம் குவளை சூப்புக்குப் பின் உண்பதற்கு.

"ஏனுங்க! பொண்டாட்டி கத்தறேன், சூப்ப உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கறீங்க?"

"பதறாத புள்ள! குற்றம் நடந்த எடத்துல யாரும் எதையும் தொடக்கூடாது!"

"நீங்க மொதல்ல அந்தக் கொவளைய வைங்க சாமி!"

வைத்தார். எழுந்தார். கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பெஞ்சின் அடியில் இருட்டு. ராசப்பன் கண்ணை மூடிக்கொண்டு கையை நுழைத்தார். விரலில் மயிர் பட்டது. குளிர்ந்திருந்தது. விறைத்திருந்தது!

வெளியே எடுத்தார்.

மாண்டோரின் முகத்தை உற்று நோக்குதல் மரபன்று என அவர் கருதினார். அச்சம் என்று பிறர் கருதக்கூடும். பிறர் கருத்திலும் பிழையில்லை. ஆகவே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, எவர்சில்வர் குவளை ஒன்றை அதன் அருகே பிடித்தார்.

"என்ன பண்றீங்க?"

"மூச்சு இருந்தா குவளையில ஆவி படியும். படியல. உசுரு போயி ஆறு மணி நேரம் ஆகுது."

"ஆறுன்னு எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"அனுபவம்."

"மூஞ்சியப் பாத்தீங்களா?"

"பாத்தேன். அமைதியா இருந்துச்சு."

செய்தித்தாளில் அதைச் சுற்றினார். மேலே பேனாவால் எழுதினார். சடலம் எண் 1.

பிறகு சாக்கைக் கவிழ்த்தார்.

கிழங்குகள் உருண்டன. கிழங்குகளோடு…

ஒன்று… இரண்டு… மூன்று… நான்கு!

இவற்றில் ஐயமே இல்லை. முகம் இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் உடல். வட்டக் காது. மூக்குக் கண்ணாடி போட்டதுபோல் கண்களைச் சுற்றிக் கருவளையம். பிஞ்சு வெள்ளரிக்காய் போலக் கொழுத்த வால். நான்கும் பந்தாய்ச் சுருண்டு, பனிக்கட்டியாய்க் குளிர்ந்து கிடந்தன.

சுகுணா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"அட சாமி…! தேவாங்குங்களா?"

"தேவாங்குக்கு வால் கெடையாது."

அன்று ராசப்பன் உரைத்தவற்றுள் உண்மையானது அது ஒன்றே.

கைபேசியில் படம் எடுத்து அனுப்பினார். ஒரு நிமிடத்தில் மணி அடித்தது. வனச்சரகர் பிரேம்!

"என்னய்யா இது? நெசமாவே மிருகந்தானா? மறுபடியும் மொபெட்டா?"

"ஐயா, ஐந்து சடலங்கள்! படுகொலை! நானே நேரில் ஆராய்ந்தேன்!"

"இந்த மலையில இப்படியொரு பிராணிய நான் பாத்ததே இல்லையே… நான் கீழ சேந்தமங்கலத்துலதான் இருக்கேன். டாக்டரைக் கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்பறேன். அதுவரைக்கும் அத யாரும் தொடக்கூடாது. அஞ்சுன்னு சொல்லிட்டீங்க. அஞ்சு இருக்கணும். கொறஞ்சுதுன்னா தொப்பி எனக்கு. புரியுதா?"

"ஐயா!"

இணைப்பு அறுந்தது. ராசப்பனின் நெஞ்சு விம்மியது. பதினோரு ஆண்டுத் தவம்! ஒரு மெய்யான வழக்கு!

நான்கையும் தனித்தனியே தாளில் சுற்றினார். எண் இட்டார். தூறல் படாதிருக்க, ஐந்து பொட்டலங்களையும் அடுப்பின் அருகில் வரிசையாய் அடுக்கினார்.

சுகுணாவோ வேறொன்றை நோக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க… இன்னிக்கு ரெண்டு மூட்டை எறங்கியிருக்குது."

"அதுக்கென்ன?"

"பாப்பாயக்கா ஒருநாளும் ரெண்டு அனுப்ப மாட்டாளே!"

மலையூர்த் தொகுதியான வளப்பூர் நாட்டிலிருந்து வரும் மூட்டைகளுடன் ஆள் வருவதில்லை. மூட்டை மட்டும் பேருந்தின் கூரையேறி வரும். மூட்டையின் வாயில் கட்டிய பழஞ்சேலைக் கிழிசலே முகவரி. மஞ்சள் என்றால் மிளகுக் கடை. சிவப்பு என்றால் பலா மண்டி. பச்சை என்றால் கிழங்கு தோண்டும் பாப்பாயி அனுப்பியது, சுகுணாவுக்கு. நடத்துனர் துணியின் நிறத்தைப் பார்ப்பார். உருட்டிவிடுவார். அவ்வளவே.

இன்று பச்சைத் துணியுடன் இரண்டு!

"இந்த முடிச்சும் பாப்பாயக்கா போட்ட முடிச்சு இல்லீங்க. அவ முடிச்சு மாட்டுக் கயிறு மாதிரி இறுக்கமா இருக்கும். இது செருப்புக் கயிறு கட்டுன மாதிரி இருக்குது."

"முடிச்செல்லாம் சின்ன விசயம் புள்ள. கொலைக்கான நோக்கம் என்ன? அதத்தான் யோசிக்கணும்!"

அவர் யோசித்தார். எதுவும் தோன்றவில்லை. சூப்பை முடித்தார்.

அப்போது…

"எக்ஸ்கியூஸ் மீ… இங்க ஒரு மூட்டை…"

நிமிர்ந்து பார்த்தார்.

வெள்ளைச் சட்டை. கண்ணாடி. தோளில் கறுப்புப் பை. நின்றிருந்த பேருந்திலிருந்து இறங்கி வந்தவன். முகத்தில் வியர்வை. ஆடி மாதக் குளிரில் வியர்வை!

நுண்ணறிவு படைத்த எவரும் இங்கே ஒரு கணம் தயங்கியிருப்பார். ராசப்பன் தயங்கவில்லை.

"டாக்டருங்களா? வாங்க வாங்க! பாத்ததுமே கண்டுபுடிச்சுட்டேன்! வெள்ளைச் சட்டை, கறுப்புப் பை! ரேஞ்சர் ஐயா சொன்னாருங்க! சடலத்துக்குத்தானே வந்திருக்கறீங்க?"

வந்தவன் இரண்டு விநாடி திகைத்தான்.

மூன்றாவது விநாடி டாக்டர் ஆனான்!

"ஆமா… ஆமா. நான்தான் டாக்டர் முரளி. எங்க அது?"

"அந்தா, அஞ்சும் அடுப்பு பக்கத்துல…"

"அடுப்பா? யாருய்யா அங்க வெச்சது? எடு! உடனே எடு! சூடு படவே கூடாது!"

"பாத்தியா சுகுணா? சூடு பட்டா அழுகிப்போயிருமுங்கல்ல டாக்டர்? அறிவியல்!"

"அதான்… அதேதான். அறிவியல்."

முரளி குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பச்சிளம் குழந்தையைத் தூக்குவதுபோல் அடியில் உள்ளங்கை கொடுத்து எடுத்தான்.

சுகுணாவின் கண்கள் சுருங்கின.

"டாக்டரய்யா, இங்கயே அறுத்துப் பாப்பீங்களா?"

"இல்லம்மா. கீழ லேப்ல. இதோ இந்த பஸ்லயே கொண்டு போயிடறேன். சீக்கிரம் மூட்டையில போடுங்க!"

"போடலாமுங்க," என்றார் ராசப்பன். "மொதல்ல மகஜர் எழுதணும். நீங்க கையெழுத்துப் போடணும்."

"பஸ் கிளம்பிடும்யா!"

"சட்டம் சட்டந்தானுங்களே!"

பொட்டலங்களைச் சாக்கில் இட்டு, மேலே கிழங்குகளைப் போட்டு மூடினார். பின்னர் பெஞ்சில் அமர்ந்தார். தாளை விரித்தார். தாம் எழுதுவதை ஒருவர் நின்று பார்க்கும் பேறு அவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை.

"எழுதறேன், கேளுங்க டாக்டர். 'மூடுபனி தவழும் மலைச்சாரலின்கண், சூப்புக் கடை முன்றிலில், ஐந்து உயிரற்ற உடல்கள் ஆதரவின்றிக் கிடக்கக் கண்டு, உள்ளம் உருகி, உவர்நீர் பெருகி…'"

"போதும்யா! கையெழுத்து எங்க போடணும்?"

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்குதுங்க."

"ரெண்டு பக்கமா!"

"மூட்டைய நான் கட்டித் தாரேனுங்க டாக்டரய்யா," என்றாள் சுகுணா. சாக்கைத் தூக்கிக்கொண்டு கடையின் பின்புறம் சென்றாள்.

திரும்பி வந்தாள். கையில் மூட்டை. மூட்டையின் வாயில் இறுக்கமான பச்சை முடிச்சு.

முரளி மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டான். மகஜரின் கார்பன் படி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டான். மூட்டையை மார்போடு அணைத்தான். நடக்கவில்லை. ஓடினான்!

ராசப்பன் விறைத்து நின்று வணக்கம் வைத்தார்.

"என்ன ஒரு கடமை உணர்ச்சி பாத்தியா! டாக்டருன்னா இப்படி இருக்கணும்!"

"ஏனுங்க… செத்ததுக்கு யாராச்சும் கழுத்தத் தாங்கிப் புடிப்பாங்களா?"

"என்ன?"

"செத்ததுக்குச் சூடென்ன, குளுரென்ன? நானும் தெனம் கறிக்கடைக்குப் போறவதான். அறுத்த கோழிக்கு அடுப்பு ஆகாதுன்னு எவனும் பதறுனதில்ல!"

ராசப்பன் வாயைத் திறந்தார். கைபேசி அடித்தது!

"ஹலோ… ராசப்பன் அண்ணாங்களா? நான் கால்நடை டாக்டர் தேன்மொழி பேசறேனுங்க. ரேஞ்சர் சார் கூட ஜீப்ல வந்துக்கிட்டு இருக்கேன். இருபத்தி மூணாவது வளைவு தாண்டிட்டோம்."

ராசப்பன் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மீண்டும் காதில் வைத்தார்.

"டாக்டர் வந்துட்டுப் போயிட்டாருங்களே…"

"எந்த டாக்டர்? இன்னைக்கி இந்த மலைக்கு வார டாக்டர் நான் ஒருத்திதானுங்க! சரி, அத விடுங்க. இப்பத்தான் சிக்னல் கெடச்சு படத்தப் பாத்தேன். அத எரிச்சுக் கிரிச்சுப் போடாதீங்க! அது லெமூருங்க! மடகாஸ்கர் தீவுல மட்டும் இருக்குற குள்ள லெமூர். அது சாகல…!"

"சாகலையா?"

"தூங்குதுங்க! குளுரு காலத்துல மாசக்கணக்காத் தூங்கும். வால்ல இருக்குற கொழுப்புதான் சாப்பாடு. நிமிசத்துக்கு எட்டு தடவதான் நெஞ்சு துடிக்கும். பத்து நிமிசம் மூச்சே விடாமக் கெடக்கும். தெரியாதவங்க பாத்தா செத்துப்போச்சுன்னுதான் சொல்லுவாங்க!"

தெரியாதவர் எவர்சில்வர் குவளையைப் பார்த்தார்.

"அண்ணா? லைன்ல இருக்கறீங்களா? பத்திரமா வெச்சிருக்கறீங்கல்ல?"

பாம்… பாம்ம்ம்…! பேருந்தின் ஒலிப்பான்!

ராசப்பன் ஓடினார்.

வாழ்நாளில் அவ்வளவு விரைவாய் அவர் ஓடியதில்லை. யானை துரத்தியபோதுகூட நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கியவர் அவர். வழியில் தலையைத் தடவினார். வெறுந்தலை! தொப்பி திண்டில்! திரும்ப நேரமில்லை. இனி அந்தத் தொப்பி இருந்தென்ன, போயென்ன! ஐந்து உயிர்கள். தீவை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத ஐந்து உயிர்கள். அவற்றைக் கள்வன் கையில், வணக்கம் வைத்து, எழுத்துமூலம் ஒப்படைத்திருந்தார்!

பேருந்து நகரவில்லை.

ஏணியடியில் ஒரே கூச்சல். மூட்டையின் ஒரு காதை முரளி பற்றியிருந்தான். மறு காதை நடத்துனர் சின்னுசாமி பற்றியிருந்தார்.

"விடுய்யா! இது என் மூட்டை!"

"உம்மூட்டையா? பச்சத் துணிய்யா இது! சுகுணாக்கா மூட்டை! இருவது வருசமா இத நான் எறக்கிக்கிட்டுத்தான் இருக்கேன், ஒருநாளும் ஏத்துனதில்ல! பச்ச மூட்டை சோளக்காட்டத் தாண்டாதுடா!"

"எழுதி வாங்கியிருக்கேன்யா! இங்க பாரு, ஃபாரஸ்ட் கையெழுத்து!"

"எழுத்த நான் என்னத்தக் கண்டேன்? எனக்குத் துணிதான் எழுத்து! ஏய், மூட்டை திருடன்! புடிங்கய்யா!"

சன்னல்களில் தலைகள் முளைத்தன. இரண்டு பெண்கள் கூடைகளுடன் இறங்கினர். ஒரு கிழவர் செருப்பைக் கழற்றினார்.

ராசப்பன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"சின்னுசாமி… விடாத… இவன் டாக்டர் இல்ல…!"

முரளி பளிச்சென்று சிரித்தான். தாளை உயர்த்திக் காட்டினான்.

"யோவ்! 'கால்நடை மருத்துவப் பெருந்தகை டாக்டர் முரளி அவர்கள்'னு நீயே எழுதியிருக்க! 'நன்கு விசாரித்து, ஐயந்திரிபற உறுதி செய்து'ன்னு வேற போட்டிருக்க! இப்ப இல்லைங்கறியா? யார்கிட்ட வேணா காட்டறேன். வேலை உனக்குப் போகுமா, எனக்குப் போகுமா?"

எழுத்தின் வலிமை குறித்து அவர் பலமுறை பெருமைப்பட்டதுண்டு. அது இவ்வளவு வலிமையாய்த் தம் முதுகிலேயே இறங்கும் என எண்ணியதில்லை.

"வழி விடுங்க."

பின்னால் சுகுணாவின் குரல். கையில் சுரண்டுகத்தி!

"மூட்டை யாருதுன்னு எதுக்குச் சண்டை? பிரிச்சே பாத்துருவோம்."

சரக்! பச்சை முடிச்சு அறுந்தது.

கிழங்கு உருண்டது. கிழங்கு… கிழங்கு… கிழங்கு! அடிமூட்டை வரை வெறும் கிழங்கு!

முரளி பாய்ந்தான். மண்டியிட்டான். இரு கைகளாலும் கிளறினான்.

"எங்க…? லெமூர் எங்க? என் அஞ்சு லெமூரும் எங்கடீ? பாங்காக்ல இருந்து உசிரக் கையில புடிச்சிக்கிட்டுக் கொண்டாந்தேன்…!"

சொல்லிவிட்டான். பிறகுதான் காதில் விழுந்தது, தன் குரல் தனக்கே.



"லெமூரு…" என்றார் ராசப்பன், மெல்ல. "இந்த ஊர்ல அந்தப் பேரு தெரிஞ்ச ஆளு ரெண்டே பேரு. ஒருத்தன் நான். எனக்கே மூணு நிமிசத்துக்கு முன்னாடிதான் தெரியும். நீ எப்படிடா…? உன்னக் கைது செய்…"

பாம்ம்ம்…!

பதினோரு ஆண்டுகள் காத்திருந்து உரைத்த அச்சொல் ஒலிப்பானில் மூழ்கியது. அதற்குள் சின்னுசாமியும் செருப்புக் கிழவரும் முரளியைப் பலா மண்டியின் தராசுக் கம்பத்தில் கட்டிவிட்டனர். கட்டுக்குப் பயன்பட்டது அதே பச்சைச் சேலைக் கிழிசல்.

"உம்மூட்டைக்குப் பச்சத் துணிய எங்கடா எடுத்த?" சுகுணா கேட்டாள்.

"நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பக்கத்து வேலியில கிடந்துச்சு… பழந்துணிதானேன்னு…"

"பாப்பாயக்கா வேலிடா அது! அவ கிழிச்சுக் காயப்போட்ட விலாசம்!"

"கீழ செக்போஸ்ட்ல காரெல்லாம் பாக்கறாங்க. பஸ் மேல போற கிழங்க எவனும் பாக்க மாட்டான்னு…"

"நாங்க பாப்போம்டா! கெழங்கப் பாக்காம நாங்க வேற என்னத்தப் பாக்கறது?"

ராசப்பன் மனைவியின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"எப்ப மாத்துன?"

"நீங்க உவர்நீர் பெருகிக்கிட்டு இருந்தீங்கல்ல, அப்பத்தான். பாப்பாயக்காவோட நெசமான மூட்டையத்தான் அவங்கையில குடுத்தேன். பச்சத் துணியோட பஸ்ஸுக்குப் போனா சின்னுசாமி அண்ணன் உட மாட்டாருன்னு தெரியும். அது அவனுக்குத் தெரியாது." ஒரு கணம் நிறுத்தினாள். "உங்களுக்கும் தெரியாது."

எட்டரை மணிக்கு ஜீப் வந்தது.

வனச்சரகர் பிரேம் இறங்கினார். கம்பத்தில் கட்டுண்டவனைப் பார்த்தார். ராசப்பனைப் பார்த்தார். நம்ப இயலாமல் மீண்டும் கம்பத்தைப் பார்த்தார்.

"நெசமாலுமே புடிச்சுட்டீங்களா, ராசப்பன்?"

"கடமைதானுங்க, ஐயா."

சுகுணா இருமினாள். வனச்சரகரின் கையில் ஒரு குவளை சூப்பைக் கொடுத்தாள்.

மருத்துவர் தேன்மொழி பெஞ்சில் அமர்ந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். சுருண்ட சிறு உடல். அதன் மார்பில் கருவியை வைத்தார்.

எல்லோரும் மூச்சை அடக்கினர்.

நீண்ட மௌனம்.

"…ஒண்ணு," என்றார் தேன்மொழி.

மீண்டும் மௌனம். சுகுணா மனத்துள் எட்டு வரை எண்ணினாள்.

"…ரெண்டு. இருக்குதுங்க! உசுரு இருக்குது!"

சந்தையே பெருமூச்சு விட்டது.

"அந்தத் தீவ விட்டா ஒலகத்துல வேறெங்கயும் இது கெடையாதுங்க. தூங்கறதுக்குப் பெரிய மரமா, பொந்து இருக்கற மரமா வேணும். அங்க காட்டயெல்லாம் எரிச்சு வயலாக்கிட்டாங்க. மிச்சம் மீதிய இவனாட்டம் ஆளுங்க தூக்கத்துலயே மூட்டை கட்டறானுங்க. கத்தாது, சோறு கேக்காது. இந்த மலைக் குளுருல வெச்சா எந்திரிக்கவும் எந்திரிக்காது. அதுக்குத்தான் இங்க கொண்டாந்திருக்கான்."

சுகுணா பாதி சீவிய கிழங்கைப் பார்த்தாள்.

"நாங்களும் கெழங்க அப்படித்தானுங்க தோண்டறோம். டூரிஸ்டு கேக்கறாங்கன்னு தோண்டித் தோண்டி, இப்பெல்லாம் பாப்பாயக்கா ரெண்டு பாறை தாண்டிப் போறா. முன்ன ஊட்டுக்குப் பின்னாடியே கெடந்துச்சு."



இரண்டாவது பொட்டலம். உயிர் இருந்தது. மூன்றாவது. இருந்தது. நான்காவது. இருந்தது!

கடைசிப் பொட்டலம். சடலம் எண் 1.

தேன்மொழி பிரித்தார். கருவியை வைத்தார். காத்திருந்தார். நகர்த்தி வைத்தார். காத்திருந்தார். பின்னர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதப் பரிசோதிச்சது யாருங்க?"

"நான்தானுங்க," என்றார் ராசப்பன், நெஞ்சை நிமிர்த்தி.

"இது கெழங்குங்க."

நெஞ்சு தாழ்ந்தது.

வனச்சரகர் மகஜரை எடுத்தார். உரக்கப் படித்தார்.

"'சடலம் ஒன்று. உயிர் பிரிந்து ஆறு மணி நேரம். முகத்தில் தெய்விக அமைதி நிலவிற்று.' …ஏய்யா, கெழங்கோட முகத்திலயா?"

கம்பத்திலிருந்து முரளி கத்தினான்.

"அஞ்சு போட்டேன் சார்! சத்தியமா அஞ்சு!"

"மூஞ்சி வெச்சதத்தான் நான் வீசுனேன்," என்றாள் சுகுணா. "பெஞ்சுக்கு அடியில கெடந்தது பழைய கெழங்கு போலிருக்குது. அப்ப… நான் வீசுனது எங்கங்க போயி விழுந்துச்சு?"

அவள் நின்ற இடத்திலிருந்து எல்லோரும் பார்வையால் ஒரு கோடு இழுத்தனர்.

கோடு அடுப்பை நோக்கிச் சென்றது.

அடுப்பின் மேல் சூப்பு அண்டா. மூடியில்லாத அண்டா. தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது!

வனச்சரகரின் கைக்குவளை பாதி காலியாயிருந்தது.

"நான்… இதுல பாதி…"

"நான் மூணு," என்றார் ராசப்பன்.

அகப்பை உள்ளே இறங்கியது. மேலே வந்தது. கிழங்கு. மறுபடி இறங்கியது. மிளகு. மறுபடி. கிழங்கு… சுகுணா அடி வரை துழாவினாள். கிழங்கு!

"இல்லீங்க! அண்டாவுல இல்ல!"

பெஞ்சைப் புரட்டினர். விறகைக் கலைத்தனர். இல்லை. எங்கும் இல்லை.

வனச்சரகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ராசப்பன். அஞ்சுன்னு நீங்களே கைப்பட எழுதியிருக்கீங்க. நாலு காட்டுனா மிச்சத்த நாமளே வித்துட்டோம்பாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது." குரல் தாழ்ந்தது. "தொப்பியக் குடுத்துருங்க."

ராசப்பன் தலையசைத்தார்.

பதினோரு ஆண்டுகள். ஒரு மச்சான். ஒரு மொபெட். ஒரு கிழங்கு. வரலாறு தம்மை எப்படிக் குறிக்கும் என எண்ணியபடி அடுப்புத் திண்டை நோக்கி நடந்தார். தொப்பி அங்கேயே இருந்தது. காலையிலிருந்து, கதகதப்பாய், மல்லாந்தபடி.

கை வைத்தார்.

தொப்பி கனத்தது!

உள்ளே வாழைப்பழம் இல்லை. தோல் மட்டும் கிடந்தது. தோலுக்கு அப்பால்… இரண்டு கண்கள்! நெல்லிக்காய் அளவு, பளபளவென்று! தோலில் ஒட்டிய பழத்தை நக்கிக்கொண்டே அது ராசப்பனை ஏறிட்டுப் பார்த்தது.

"ஐயா…" அவருக்கு நாக்குழறியது. "ஐயா, தொப்பியத் தர முடியாதுங்க… ஆளிருக்குது!"

வனச்சரகர் எட்டிப் பார்த்தார். தேன்மொழி எட்டிப் பார்த்தார். சுகுணா எட்டிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"ஏனுங்க, பதினோரு வருசத்துல உங்க தொப்பிக்குள்ள ஒண்ணு முழிச்சிக்கிட்டு இருக்கறத இன்னிக்குத்தானுங்க பாக்கறேன்!"